முப்பத்தெட்டு வினாடி

எங்கள் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவரை எல்லோரும் கடிகாரக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய அதிகாரிகூட அப்படித்தான் கூப்பிடுவார். உள்ளே வரும் பஸ், வெளியே போகும் பஸ் ஒவ்வொன்றின் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. பக்கத்து மேசையில் டிரைவர்களுக்கு ஷிப்ட் போடுவது என் வேலை. பதினான்கு வருஷம் ஒரே ஜன்னல் வழியாக ஒரே புகையைச் சுவாசித்தோம்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே பஸ்ஸுக்கு மூன்று நேரம் இருந்தது. பஸ் கேட்டுக்குள் மூக்கை நீட்டியதும் வாட்ச்மேன் ஒரு நேரம் எழுதுவார். மேடையில் வந்து நின்றதும் இன்ஸ்பெக்டர் ஒன்று எழுதுவார். டிரைவர் தன் சீட்டில், தனக்கு எது வசதியோ அதை எழுதுவார். மாதக் கடைசியில் எந்த பஸ் தாமதம் என்று பார்த்தால், ஒரு பஸ்கூடத் தாமதம் இல்லை. வெளியே ஜனங்கள் மட்டும் காத்துக் கிடந்தார்கள்.

அக்கா அதை மாற்றினார். "பஸ் வந்துச்சுன்னா யாருக்கு வந்துச்சு? கதவு திறந்தாத்தான் உள்ள இருக்கிறவனுக்கு வந்துச்சு. கதவு திறக்கிற நேரத்த எழுதுங்க" என்றார். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். ஆறு மாதத்தில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். சாயங்காலம் ஸ்கூட்டரில் அக்காவைக் கூட்டிப்போக வருவார். வந்தால் அரைமணி நேரத்துக்கு எங்கள் யாருக்கும் வேலை ஓடாது. "நான் மேலயும் கீழயும் போறவன். இவ வர்றதையும் போறதையும் எழுதுறவ. ஒரு இடத்துல சும்மா நிக்கிற ஆளு எங்க வீட்டுலயே கிடையாது" என்பார். மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "என்ன கடிகாரம், கிளம்பலாமா?" என்றுதான் கேட்பார். ஒரே மகள். மருந்துக் கடையில் வேலை பார்த்தாள்.

மோட்டாரைத் தூக்கித் தூக்கி அவருக்குக் குடலிறக்கம் வந்தது. சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்து பேசினார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண், சன்னமான குரல். மயக்கத்தில் மூச்சு விடுவதற்காக வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் போடுவார்கள், அதைப் போட உதவும் கருவியில் பழையது ஒன்று, புதியது ஒன்று, எது நல்லது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்று விளக்கினார்.

லிஃப்ட்காரர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். "எந்தக் கருவியா இருந்தாலும் சரி டாக்டர், வாய மட்டும் பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க. எங்க வீட்டுல பேசுறதுக்கு வேற ஆளு இல்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அக்கா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள். பத்து நாற்பதுக்கு அதே டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகக்கவசம் கையில் கசங்கிக் கிடந்தது. உட்காராமலேயே சொன்னார்.

மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் போட்டால் சொந்த மூச்சு நின்றுவிடும். உடனே டியூப் போக வேண்டும். இவருடைய தொண்டையின் அமைப்பில் வழி தெரியவில்லை. மூன்று முறை தள்ளிப் பார்த்தும் போகவில்லை. மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை அழுத்திக் காற்று கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் சரியாக இறங்கவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் விழுந்துகொண்டே போனது. கருவியை வெளியே எடுத்துவிட்டு, வேறு கோணத்தில் மறுபடி போட்டபோது டியூப் போய்விட்டது. ஆபரேஷனைத் தொடங்கவே இல்லை. இதயம் ஓடுகிறது. மூளை பசியில் கிடந்திருக்கிறது. எவ்வளவு சேதம் என்று இப்போது சொல்ல முடியாது.

"என்மேல தப்பு இருக்கான்னு விசாரிப்பாங்க. நான் எதையும் மறைக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நாப்பத்திரண்டு" என்று மட்டும் சொன்னாராம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்.

பதினாறாம் நாள் லிஃப்ட்காரர் கண் திறந்தார். இன்னும் மூன்று வாரத்தில் எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், நடந்தார். விசாரணை நடந்தது, தவறு என்று சொல்ல ஒன்றும் இல்லை, அரிதாக நேரும் விபத்து என்று அறிக்கை வந்தது. ஆஸ்பத்திரியே அவரைத் திரும்ப நடக்கவைக்கப் பயிற்சி கொடுத்தது. வாயைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், பேசினார். ஆனால் அக்காவைப் பார்த்து, "சிஸ்டர், நான் எப்போ வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கேள்விதான். சொந்த வீட்டின் கூடத்தில், தான் வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சிஸ்டரிடம் மிகவும் மரியாதையாக வீட்டுக்குப் போக அனுமதி கேட்பார். காய்ச்சல் பார்க்கக் கையை நீட்டுவார். அக்கா வேலையிலிருந்து வந்து சேலை மாற்றினால், "டூட்டி மாறிடுச்சா? போன சிஸ்டர் ரொம்ப நல்லவங்க" என்பார். அந்தப் போன சிஸ்டரும் அக்காதான்.

மகள் பாடு இன்னும் மோசம். அவர் நினைவில் அவள் ஏழு வயதுக் குழந்தை. வெயில் தாழ்ந்ததும், "பாப்பா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" என்று எதிரில் நிற்கும் அவளிடமே கேட்பார். முதலில் அவள், "நான்தான்பா பாப்பா, நல்லா பாருங்கப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பயந்து நடுங்கிப்போனார். அதற்குப் பிறகு, "வந்துட்டா சார், உள்ள படிச்சிட்டு இருக்கா" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். பாத்திரம் எதுவும் இருக்காது.

இப்படி இரண்டரை வருஷம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த டாக்டர் வீட்டுக்கு வந்தார். இடையில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தார். லிஃப்ட்காரர் எழுந்து நின்று, "வாங்க, வாங்க, உங்களுக்கு எந்த மாடி போகணும்?" என்றார்.  மகள் அப்பாவை உள்ளே கூட்டிப்போனாள்.

டாக்டர் ஒரு கோரிக்கையோடு வந்திருந்தார். மூச்சுக்குழாய் டியூப் பற்றி உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் எதை அளக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கொருவர் ஒற்றுமை இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டு கட்டாயம் அளக்க வேண்டிய விஷயங்களை ஒரே பட்டியலாக்க ஒரு குழு கூடுகிறது. டாக்டர்கள், நர்சுகள், டெக்னீசியன்களோடு நோயாளிகளின் குடும்பத்தாரும் வேண்டும். "நீங்க வரணும்மா" என்றார்.

அக்கா எழுந்து உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கேட்டார். "அன்னைக்கு ஒரு ஆராய்ச்சியில கையெழுத்து வாங்கினீங்களே. அது முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. போன வருஷம் வெளியாச்சு."

"அதுல இவர் எத்தனாவது ஆளு?"

"நூத்திப் பதினேழு."

"அவருக்கு நேர என்ன எழுதியிருக்கு?"

டாக்டர் தரையைப் பார்த்தார். "வெற்றி. ரெண்டாவது முயற்சி. முப்பத்தெட்டு வினாடி. சிக்கல் எதுவும் இல்லை."



"பொய் எழுதினீங்களா?"

"இல்லம்மா. பொய்யா இருந்தா திருத்திடலாம். அந்த ஆராய்ச்சியோட விதிப்படி அது சரி. கருவி வாய்க்குள்ள போய் வெளிய வந்தாத்தான் ஒரு முயற்சின்னு கணக்கு. நான் உள்ள வச்சுக்கிட்டே மூணு தடவ டியூப தள்ளினேன், அது ஒண்ணுதான். நேரம்னா, டியூப் போன முயற்சிக்கு ஆன நேரம் மட்டும்தான். சிக்கல்னா, தியேட்டர விட்டு வெளிய வர்றதுக்குள்ள பல்லு உடைஞ்சுதா, உதடு கிழிஞ்சுதான்னுதான் பார்ப்பாங்க. இவருக்குப் பல்லு எதுவும் உடையல. விபத்து அறிக்கை தனியா ஒரு ஃபைல்ல போச்சு. இந்த அட்டவணையில அதுக்குக் கட்டமே இல்ல."

"மூச்சு நின்னதுல இருந்து திரும்ப மூச்சு போற வரைக்கும் எவ்வளவு நேரம்?"

"ஒன்பது நிமிஷம் இருபது வினாடி."

அக்கா எழுந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லையாம். "எழுந்து போங்க டாக்டர்" என்றார். டாக்டர் எழுந்து போனார்.

அடுத்த புதன்கிழமை டிப்போவில் நான் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு பஸ்ஸுக்கு நேராக, நேரம் எழுத வேண்டிய இடத்தில் வெறுமே முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. அடுத்த வரியிலும் அப்படியே. பதினான்கு வருஷத்தில் அக்காவின் பதிவேட்டில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது. "அக்கா, என்ன இது?" என்றேன். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். அன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எல்லாம் எனக்குச் சொன்னார். சொல்லி முடித்ததும், டிப்போ போனிலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டார். "வர்றேன். என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

முதலில் தபாலில் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. அறுபத்து மூன்று விஷயங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று ஒன்று முதல் ஒன்பதுக்குள் மதிப்பெண் போட வேண்டும். மத்தியான சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு அக்கா அதைப் படிப்பார். புரியாத சொற்களை மகள் சொல்லிக்கொடுத்தாள். "பாரேன், தொண்டை வலிக்கு மட்டும் நாலு வரி இருக்கு. தொண்டை வலிச்சா தேன் குடிச்சுக்கலாம்" என்று ஒருமுறை சிரித்தார். வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு.

விட்டுப்போனது ஏதாவது இருந்தால் எழுதலாம் என்று கடைசிப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். அக்கா ஒரே வரி எழுதினார்: வீட்டுக்குப் போன பிறகு, அவர் முன்பு இருந்த அதே ஆள்தானா?

அடுத்த சுற்றுப் பட்டியலில் அந்த வரி அறுபத்து நான்காவதாக அச்சாகி வந்தது. ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. எல்லோருக்கும் காட்டினார். இரண்டு சுற்று முடிந்து, பட்டியல் பத்தொன்பதாகச் சுருங்கியபோதும் அது தப்பிப் பிழைத்திருந்தது. கடைசி முடிவை நேரில் கூடி எடுப்பார்கள் என்று கடிதம் வந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நானும் துணைக்குப் போனேன். பின்வரிசையில் உட்கார அனுமதித்தார்கள். இருபத்தெட்டுப் பேர். அவர்களில் நான்கு பேர்தான் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்து வந்தவர்கள். தலைவர் நரைத்த தலை டாக்டர்; பொறுமைசாலி.

நேரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் காலையில் ஒரு மணி நேரம் சண்டை. கருவியைக் கையில் எடுத்ததிலிருந்து என்றார் ஒருவர். வாய்க்குள் போனதிலிருந்து என்றார் இன்னொருவர். டியூப் கண்ணுக்குத் தெரிந்ததும் முடிந்தது என்றார் மூன்றாமவர். அக்கா கையைத் தூக்கினார்.

"நான் பஸ் டிப்போவுல டைம் எழுதுறவ. எங்க இடத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு. கேட்டுக்காரர் ஒரு நேரம், டிரைவர் ஒரு நேரம். எல்லாமே அவங்கவங்க வேலையோட நேரம். உள்ள உட்கார்ந்திருக்கிறவனோட நேரத்த யாரும் எழுதல. இங்கயும் நீங்க சொல்றதெல்லாம் டாக்டரோட நேரம். படுத்திருக்கிறவருக்கு மூச்சு நின்ன நேரத்துல ஆரம்பிங்க. திரும்ப மூச்சு உள்ள போறப்போ முடிங்க. நடுவுல எத்தன தடவ தள்ளினாலும் அத்தனையும் எண்ணுங்க."

 தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓட்டு எடுத்தார்கள். இருபத்தாறு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆக்ஸிஜன் எவ்வளவு கீழே இறங்கியது என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று முடிவானது. நான் பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவின் வரி வந்தது. புள்ளிவிவரம் பார்ப்பவர் எழுந்தார். நல்ல மனிதர், மென்மையாகத்தான் பேசினார். "ஆறு மாசம் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்ப் பார்க்கணும். சின்ன ஆஸ்பத்திரியால முடியாது. ஆள் மாறிப்போறதுக்கு வேற காரணமும் ஆயிரம் இருக்கும். அதோட, இது ஆயிரக்கணக்குல ஒருத்தருக்கு வர்றது. நூறு, இருநூறு பேர வச்சு நடத்துற ஆராய்ச்சியில இது கண்ணுலயே படாது."

"ஆயிரத்துல ஒருத்தர்தான் சார்" என்றார் அக்கா. "அவர் எங்க வீட்டுல இருக்காரு."

மேற்கொண்டு பேச ஆரம்பித்தார். மகளைப் பற்றிச் சொல்ல நினைத்திருப்பார் போலிருக்கிறது. "சாயங்காலம் ஆச்சுன்னா…" என்று தொடங்கியவர் அதற்குமேல் போகவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பட்டியலில் ஏற இருபது ஓட்டு வேண்டும். பதினெட்டு விழுந்தது. தலைவர் இரண்டு முறை எண்ணச் சொன்னார். பதினெட்டுதான். "முடிந்தால் அளக்கலாம்" என்ற தனிப் பக்கத்தில் அந்த வரியைச் சேர்ப்பதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் இருபது வரிகள் ஏற்கனவே இருந்தன.

வெளியே பஸ் நிறுத்தத்தில் டாக்டர் எங்களோடு வந்து நின்றார். கொஞ்ச நேரம் கையில் இருந்த காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தார். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வரிக்கு நான் அஞ்சுதான் போட்டேன். ஓட்டுன்னு கணக்காகணும்னா குறைஞ்சது ஏழு போட்டிருக்கணும்."

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அக்கா திரும்பவில்லை.

"அதச் சேர்த்தா யாரும் செய்ய முடியாதுன்னு மொத்தப் பட்டியலையும் தூக்கிப் போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேன். மத்ததாவது பிழைக்கட்டும்னு நினைச்சேன். நீங்க என்னத் திட்டணும்னா திட்டுங்க."

"நீங்க ஒம்பது போட்டிருந்தாலும் பத்தொம்பதுதானே ஆகியிருக்கும்" என்றார் அக்கா. பிறகு, "சொல்லாம இருந்திருக்கலாம். சொல்லிட்டீங்க" என்றார். பஸ் வந்ததும் டாக்டரின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஏறினார். அது மன்னிப்பா, களைப்பா என்று எனக்குத் தெரியாது.

பட்டியல் எட்டு மாதத்தில் அச்சாகி வந்தது. பின்னால், பங்கேற்றவர்கள் வரிசையில் அக்காவின் பெயர் டாக்டர்களின் பெயர்களுக்கு நடுவே இருந்தது. டாக்டர் பழைய ஆராய்ச்சியின் மூலக் குறிப்புகளை எடுத்து, புதிய விதிப்படி திரும்ப எண்ணினார். நூற்றுப் பதினேழாவது வரி மாறியது. அதோடு இன்னும் முப்பது வரிகளும் மாறின. புதிய கருவிதான் மேல் என்ற முடிவு நிற்கவில்லை. திருத்தம் வெளியானது. அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவருக்குப் படித்துக் காட்டினார். அவர் முழுவதையும் பணிவாகக் கேட்டுவிட்டு, "பாவம் சிஸ்டர், யாரு அந்த ஆளு? அவருக்குக் குடும்பம் இருக்கா?" என்றாராம்.

"இருக்கு" என்றாராம் அக்கா.

அதற்கு அடுத்த மழையில் லிஃப்ட்காரருக்கு நுரையீரலில் சளி கட்டியது. மறுபடி டியூப் போட வேண்டியிருக்கும், சம்மதமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா ரொம்ப நேரம் யோசித்து, வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார். கடைசிவரை அக்காவின் கையைப் பிடித்திருந்தார். நர்ஸின் கை என்று நினைத்துத்தான் பிடித்திருந்தார்.

பதினொரு நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். வழக்கம்போல் நாற்காலியைத் துடைத்து, பதிவேட்டைப் பிரித்து, நான்கு பஸ்ஸுக்கு நேரம் எழுதினார். ஐந்தாவது பஸ் வந்து நின்று கதவு திறந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். அக்கா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார், பேனா நகரவில்லை. "நான் வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "அவரா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியல. அவரக் கேக்க முடியலையே." அப்புறம் மேசையில் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தார். நாலு வருஷத்து அழுகை.

நான் மகளுக்குப் போன் பண்ணினேன். அவள் வருவதற்குள் இரண்டு டிரைவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். மகள் வந்து அம்மாவின் முகத்தைக் கழுவிவிட்டு, தோளைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நான் பதிவேட்டை என் பக்கம் இழுத்து, மீதி நாள் முழுக்க வந்த பஸ்களை எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது.